முன்காலின் நுனி

பிரிசில்லா வந்து சேர்ந்த நாளில் விஜயகுமாரிக்கு அவள்மேல் எந்த வருத்தமும் இல்லை. சொல்லப்போனால் சந்தோஷம்தான். செங்கல்பட்டில் அந்தக் கல்லூரியின் விலங்கியல் துறையில் சாணி வண்டைக் கட்டிக்கொண்டு அழ இன்னொரு ஆள் கிடைத்தாளே என்று நினைத்தாள். மற்றவர்களெல்லாம் பறவை, இறால், ஆமை என்று கௌரவமான ஜீவன்களாகப் பார்த்து ஆய்வுக்கு எடுத்துக்கொள்ள, விஜயகுமாரி மட்டும் திருக்கழுக்குன்றத்திலிருந்து ஸ்கூட்டியில், வண்டுப் பொறிக்கு இரையாகச் சாணிப் பை தொங்க வருவாள். மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் 'சாணி மேடம்' என்பார்கள். காதில் விழாத மாதிரிப் போய்விடுவாள்.

கௌரவ விரிவுரையாளர் வேலை, பள்ளிக்கூடம் போகும் மகன், உரக்கடை வைத்திருக்கும் கணவன் ரஞ்சித்குமார், வீட்டுத் தொழுவத்தில் மாடுகள். இத்தனைக்கும் நடுவே வருஷக்கணக்காக அந்த முனைவர் பட்டம் இழுத்துக்கொண்டிருந்தது. அவளைத் தாங்கிப் பிடித்திருந்தது ஒரே ஒரு வாக்கியம். யார் எந்தப் பூச்சியைப் பிடித்து வந்தாலும், அவளுடைய ஆய்வு வழிகாட்டியான பேராசிரியர் எல்லப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "விஜிகிட்ட காட்டு" என்பார். அதைக் கேட்கும்போது அவளுக்குச் சாணி நாற்றம், பெட்ரோல் செலவு, மாமியார் முணுமுணுப்பு எல்லாம் மறந்துபோகும்.

பிரிசில்லா திருப்போரூர்ப் பக்கத்துப் பெண். தாத்தா காலம்வரை பிறத்தியார் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம். அப்பா இப்போது ஈ.சி.ஆரில் ஒரு ரிசார்ட்டுக்கு வேன் ஓட்டுகிறார். உதவித்தொகை வாங்கி முழுநேர ஆய்வுக்கு வந்திருந்தாள். மெலிந்த உருவம். அதிகம் பேசமாட்டாள். மைக்ராஸ்கோப்பில் குனிந்தால் பக்கத்தில் இடி விழுந்தாலும் நிமிரமாட்டாள்.

விஜயகுமாரி ஒரு வண்டைக் கையில் எடுத்தால் மேலிருந்துதான் பார்ப்பாள். நிறம், கொம்பு, முதுகுக் கோடுகள். பார்த்ததுமே பெயர் சொல்லிவிடுவாள். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். பிரிசில்லா அப்படியில்லை. எந்த வண்டாக இருந்தாலும் முதலில் மல்லாக்கப் போடுவாள். வயிறு, கால், வாய், கழுத்துத் தகட்டின் அடிப்பக்கம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் முதுகுக்கு வருவாள். அந்தப் பொறுமையைப் பார்க்கப் பார்க்க விஜயகுமாரிக்கு ஏனோ எரிச்சலாக வந்தது.

ஒருநாள் இளங்கலை மாணவன் ஒருவன் தீப்பெட்டியில் எதையோ போட்டுக்கொண்டு வந்தான். எல்லப்பன் கண்ணாடியைக் கழற்றினார். விஜயகுமாரி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தாள்.

"பிரிசில்லாகிட்ட காட்டு" என்றார் அவர்.

எதையோ எடுக்க எழுந்தவள்போல அலமாரிப் பக்கம் போய், திறந்து, மூடிவிட்டு வந்து உட்கார்ந்தாள் விஜயகுமாரி.

அதற்குப் பிறகு எல்லாமே குத்தியது. பிரிசில்லா சிரித்தால் குத்தியது, 'அக்கா' என்று கூப்பிட்டால் குத்தியது. "அக்கா, உங்களுக்கு டீ வாங்கிட்டு வரட்டா?" என்று கேட்டால் அதிலும் ஏதோ பரிதாபம் ஒளிந்திருப்பதாகத் தோன்றியது. தான் இப்படி ஆகிக்கொண்டிருப்பது விஜயகுமாரிக்குத் தெரியாமல் இல்லை. பல்வலிக்காரிக்கு நாக்கு அந்தப் பல்லையே தேடிப் போவதுபோல அவள் மனம் பிரிசில்லாவையே சுற்றி வந்தது.

இந்த நேரத்தில்தான் அந்த வண்டு வந்தது.

திருவிடந்தையில் கடற்கரைக்குக் கொஞ்சம் உள்ளே சவுக்குத் தோப்பு ஒன்று இருக்கிறது. மேய வரும் மாடுகள் மணலில் சாணி போட்டுவிட்டுப் போகும். அங்கே சாணிக்கடியில் தோண்டி ஒரே ஒரு வண்டு எடுத்திருந்தாள் பிரிசில்லா. பச்சரிசி மணி அளவுதான் இருக்கும். நல்ல கறுப்பு.

"அக்கா, இது ஒந்தோஃபேகஸ் இல்லன்னு தோணுது."

விஜயகுமாரிக்குச் சிரிப்பு வந்தது. இந்தப் பக்கத்துச் சாணி வண்டுகளில் பெரிய பேரினம் ஒந்தோஃபேகஸ்தான். சின்னதாக, கறுப்பாக, சாணிக்கடியில் குழி பறிக்கிற வண்டு என்றால் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பெயரைச் சொல்லலாம். அவளுடைய பெட்டிகளில் இருந்த சின்னக் கறுப்பு வண்டுகள் எல்லாம் அந்தப் பெயரில்தான் இருந்தன.

"பின்ன இன்னாவாம்?"

"காக்கோபியஸ். டிபியா நுனியக் கொஞ்சம் பாருங்க்கா."

டிபியா என்பது முன்காலில் பல் பல்லாக இருக்கும் தட்டையான துண்டு. வண்டுக்கு அதுதான் மண்வெட்டி. ஒந்தோஃபேகஸுக்கு அதன் நுனி சரிவாக முடியும். காக்கோபியஸ் என்கிற வேறு பேரினத்துக்குக் கத்தியால் குறுக்கே வெட்டியதுபோல் நேராக நிற்கும். மற்றபடி இரண்டும் அக்கா தங்கை மாதிரிதான் இருக்கும்.

விஜயகுமாரி மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்த வேகத்தில் எடுத்தாள். "மணல்ல தோண்டித் தோண்டித் தேஞ்சிருக்கும். கிழட்டு வண்டு."

"நானும் அப்பிடித்தான் நெனச்சேன். அப்புறம் திருப்பிப் பார்த்தேன். கழுத்துத் தகடு கீதுல்ல, அதோட முன்மூலைக்கு அடியில குழியா கீது. அது எப்பிடிக்கா தேயும்?"

எல்லப்பன் வந்து பார்த்தார். இவள் முகத்தையும் அவள் முகத்தையும் பார்த்தார். "இன்னாத்துக்கு சண்டை? வியாழக்கிழமை தாவீது சார் வராரு. அவரு பார்த்து சொல்லட்டும்" என்று முடித்துவிட்டார். தாவீது பெங்களூரில் இருப்பவர். வண்டுகளைப் பெயர் பிரிப்பதில் பெரிய ஆள். அவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை.

வியாழக்கிழமை காலையில் ஆய்வகத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து விஜயகுமாரி அந்த வண்டை மறுபடியும் எடுத்தாள். இந்த முறை அவசரப்படவில்லை. விளக்கைச் சாய்த்து வைத்து முன்காலின் நுனியைப் பார்த்தாள். நேராக இருந்தது. பற்கள் கூர்மையாக இருந்தன, தேய்மானம் என்று சொல்ல இடமே இல்லை. கழுத்துத் தகட்டின் மூலைக்கு அடியில், விரல் நகத்தால் அழுத்தியதுபோல் ஒரு குழி.

பிரிசில்லா சொன்னது சரி.

அப்படியானால் தன் பெட்டிகளில் இருப்பவை? அவற்றில் ஒன்றின் டிபியா நுனியைக்கூட அவள் பார்த்ததில்லை. கொம்பைப் பார்த்தாள், நிறத்தைப் பார்த்தாள், பெயர் எழுதினாள். இப்போது திறந்து பார்க்கப் பயமாக இருந்தது.

அந்த நேரத்தில் பிரிசில்லா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "அக்கா, கேன்டீன்ல போண்டா போட்டுகினு கீறாங்க. உங்களுக்கும் சேத்து வாங்கிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

பச்சரிசி அளவு வண்டை ஊசியால் குத்த முடியாது. முக்கோணமாக வெட்டிய அட்டையின் நுனியில் பசை தொட்டு அதை ஒட்டி, அட்டையைத்தான் ஊசியில் ஏற்றுவார்கள். அதற்குக் கீழே அதே ஊசியில் லேபிள்: ஊர், தேதி, பிடித்தவர் பெயர். விஜயகுமாரி தன் பெட்டியிலிருந்து அதே அளவில், அதே கறுப்பில் ஒன்றை எடுத்தாள். நுனியைப் பார்த்தாள். நல்லவேளை, சரிவாக இருந்தது. இரண்டு ஊசிகளிலிருந்தும் லேபிளை உருவி, மாற்றிச் செருகினாள். பிரிசில்லாவின் வண்டு இப்போது 'திருக்கழுக்குன்றம், விஜயகுமாரி' ஆகி இவள் பெட்டிக்குள் போயிற்று. இவளுடைய வண்டு 'திருவிடந்தை, பிரிசில்லா' ஆகி மேஜைமேல் நின்றது.

போண்டா வந்தது. சூடாக இருந்தது. சாப்பிட்டாள்.

தாவீது மத்தியானம் வந்தார். வெள்ளைத் தாடி, தோளில் துணிப்பை. பிரிசில்லா பரீட்சைக்குப் போகிற பிள்ளைபோல வண்டை அவர்முன் வைத்துவிட்டு நின்றாள். அவர் பார்த்தார், திருப்பினார், மறுபடியும் பார்த்தார்.

"இது ஒந்தோஃபேகஸ்தாம்மா. நுனி நல்லா சரிவா இருக்கே. நீங்க எதை வச்சு காக்கோபியஸ்னு சொன்னீங்க?"

"சார், நான் பார்த்தப்ப நேரா இருந்துச்சு."

"நீங்களே பாருங்க."

பிரிசில்லா குனிந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். நிமிர்ந்தபோது முகம் செத்துப் போயிருந்தது. "இது... இது எப்பிடி..." என்றாள். "பரவாயில்ல, கத்துக்குற வயசு" என்று எல்லப்பன் சமாதானம் சொன்னார்.

விஜயகுமாரிக்குள் குளிர்ந்த தண்ணீர் ஓடியதுபோல் இருந்தது. எத்தனையோ மாதமாக எரிந்தது ஒரு நொடியில் அணைந்தது.

ஆனால் தாவீது எழுந்திருக்கவில்லை. "உங்க கலெக்‌ஷனையும் பார்த்துடலாமே" என்று விஜயகுமாரியின் பெட்டியை இழுத்தார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அவர் லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு வரிசையாகப் பார்த்து வந்தார். ஓரிடத்தில் நின்றார். ஊசியைப் பிடுங்கி வெளிச்சத்தில் தூக்கினார்.

"இது யாரு புடிச்சது?"

"நான்தான் சார்" என்றது விஜயகுமாரியின் வாய்.

"அம்மா, இதுதான் காக்கோபியஸ்! நீங்க ஒந்தோஃபேகஸ் கூட்டத்துல போட்டு வச்சிருக்கீங்க. இந்தப் பக்கத்துல இருந்து இந்த மாதிரி ஒண்ணு எனக்கு வந்ததே இல்ல. எங்க, திருக்கழுக்குன்றமா? இன்னும் நாலஞ்சு வேணும். கெடைச்சா பேப்பரே எழுதலாம்."

எல்லப்பன் கைதட்டினார். "நான்தான் சொல்லுவேனே, விஜிகிட்ட காட்டுன்னு!"

எந்த வாக்கியத்துக்காக இத்தனையும் செய்தாளோ அது திரும்பக் கிடைத்துவிட்டது. அவளால் அதைக் கேட்டுச் சிரிக்க முடியவில்லை. பிரிசில்லாவின் பக்கம் பார்த்தாள். தாவீது தூக்கிப் பிடித்திருந்த ஊசியையே பிரிசில்லா கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை இருவரும் திருக்கழுக்குன்றத்துக்குப் போனார்கள். எல்லப்பன்தான் சேர்த்து அனுப்பினார், வேலை சீக்கிரம் முடியும் என்று. மலைக்குப் பின்புறம் மாடுகள் மேயும் பொட்டல். செம்மண் காய்ந்து கெட்டித்துக் கிடந்தது. பிரிசில்லா முழங்கையளவு உறை போட்டுக்கொண்டு ஒவ்வொரு சாணியாகப் புரட்டினாள். அடியில் கைக்கொத்தால் கிளறி, மண்ணை வாளித் தண்ணீரில் போட்டு, மிதந்து வரும் வண்டுகளைப் பொறுக்கினாள். விஜயகுமாரிக்கு இடுப்பு வலித்தது. எதுவும் கிடைக்காது என்று தெரிந்தே தேடுவதைப்போல் அலுப்பு வேறில்லை.

வெயில் ஏறியது. இருவரும் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். பிரிசில்லா உறையைக் கழற்றி, தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள்.

"இங்க கெடைக்காதுக்கா. அது மணல் வண்டு."

"ஏன் கெடைக்காது? நான் புடிச்சேனே."

"அது என்னுது."

"இன்னா பேசுற நீ?"

"என் பெரியப்பா பொண்ணு கல்யாணப் பத்திரிகையத்தான் முக்கோணமா வெட்டி வச்சிருக்கேன். மேல வெள்ளை, அடியில ரோஸ் கலரு. தாவீது சார் தூக்கிப் புடிச்சப்ப அடிப்பக்கம் தெரிஞ்சிச்சு."

விஜயகுமாரி மேலிருந்துதான் பார்த்திருந்தாள். அட்டையையும்.

"அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?" என்றாள். குரல் எகிறியது. குற்றம் செய்தவளுக்கு எப்படி இவ்வளவு கோபம் வருகிறது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"சொன்னா யாரு நம்புவாங்க? எல்லப்பன் சாருக்கு நீங்க வீட்டுப் பொண்ணு மாதிரி. நான் நேத்து வந்தவ. தோத்துப்போனதுக்குப் பழி போடுறான்னு சொல்லுவாங்க." பிரிசில்லா அழவில்லை. "நீங்களே சொல்லுவீங்கன்னு பார்த்துகினு இருந்தேன். போண்டா வாங்கினு வந்து குடுத்தேனேக்கா, அதத் தின்னுட்டு எப்பிடி மனசு வந்துச்சு?"

எழுந்து வாளியைக் கவிழ்த்துவிட்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள். விஜயகுமாரி ஸ்கூட்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தாள். பிறகு கவிழ்ந்து கிடந்த வாளியை நிமிர்த்தி ஸ்கூட்டியில் மாட்டினாள்.

வீட்டில் கணவனிடம் பாதியைச் சொன்னாள், பாதியை விழுங்கினாள். ரஞ்சித்குமார் கடைச் சாவியை ஆணியில் மாட்டிக்கொண்டே கேட்டான்.

"யாரு, அந்தக் காலனிப் பொண்ணா? அது பேச்ச யாரு எடுத்துக்குவா? வுடு, பேஜாரு பண்ணிக்காத."

ஒரு கணம், ஒரே ஒரு கணம், விஜயகுமாரிக்கு அது ஆறுதலாக இருந்தது. ஆமாம், யார் எடுத்துக்கொள்வார்கள்? அடுத்த கணமே அந்த ஆறுதல் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துவிட்டது. லேபிளை மாற்றியபோதுகூட அவளுக்குத் தன்மேல் இவ்வளவு அருவருப்பு வரவில்லை. "அப்பிடிப் பேசாதய்யா" என்று கத்தினாள். அவன் திகைத்து நின்றான். அவள் தொழுவத்துக்குப் போய் மாட்டுக்கு வைக்கோல் போட்டாள். ஏற்கெனவே போட்டிருந்தது.

திங்கள்கிழமை எல்லப்பனின் அறைக்குப் போய், நின்றபடியே சொல்லி முடித்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை.

"ஏம்மா இப்பிடிப் பண்ண?"

"அவமேல பொறாமை சார்."

சொல்லிப் பார்த்தபோது அது ரொம்பச் சின்ன வார்த்தையாக இருந்தது.

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பிறகு தாழ்ந்த குரலில், "தாவீது சாருக்குத் தெரிஞ்சா டிபார்ட்மென்ட் மானம் போயிடும். ஏதோ லேபிள் மாறிப்போச்சுன்னு நான் பேசிக்கிறேன். நீ போ" என்றார்.

தப்பித்துக்கொள்ள அகலமான வாசல் அது. விஜயகுமாரி கதவுவரை வந்துவிட்டாள். ஏதோ மாறிப்போச்சு என்றால் யாரால் மாறியது? கவனமில்லாத புதுப்பெண்ணால் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். திரும்பி வந்தாள். "நீங்க பேச வேணாம் சார், நானே பேசுறேன்" என்று அவர் எதிரிலேயே தாவீதைக் கூப்பிட்டாள்.

அவர் முழுவதையும் கேட்டார்.

"நீங்களே சொன்னது நல்லதும்மா" என்றார் கடைசியில். "ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. வண்டுக்கு வாய் கெடையாது. எங்க புடிச்சதுன்னு லேபிள்தான் சொல்லணும். ஒரு லேபிள மாத்தினவங்க பெட்டியில மத்த லேபிள நான் எப்பிடி நம்புவேன்? எல்லாத்தையும் திரும்பப் புடிங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் நியாயத்தை அல்லவா சொன்னார்! வருஷக்கணக்கான பெட்டிகள் ஒரே நாளில் வெறும் செத்த பூச்சிகளாகிவிட்டன. ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பது தள்ளிப்போயிற்று. எல்லப்பன் ஒரு நிபந்தனையும் போட்டார்: இனி விஜயகுமாரி எழுதும் ஒவ்வொரு லேபிளையும் வண்டோடு வைத்துப் பிரிசில்லா சரிபார்க்க வேண்டும்.

பிரிசில்லா மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. 'அக்கா' போய் 'மேடம்' வந்தது. டீ வாங்கி வரட்டுமா என்று கேட்பது நின்றது. விஜயகுமாரி மறுபடியும் மழைக்குக் காத்திருந்து, கிராமம் கிராமமாகப் போய்ப் பிடித்தாள். ஒவ்வொன்றையும் மல்லாக்கப் போட்டு நுனியைப் பார்த்தாள், மூலையைப் பார்த்தாள். பார்த்ததைத் தட்டில் வைத்துப் பிரிசில்லாவின் முன் தள்ளுவாள். பிரிசில்லா பார்ப்பாள், தலையசைப்பாள், திருப்பித் தள்ளுவாள். ஒவ்வொரு தடவை தள்ளும்போதும் விஜயகுமாரிக்குள் அந்தப் பழைய எரிச்சல் தலைதூக்கும். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டால் பொறாமை செத்துவிடும் என்று நினைத்திருந்தாள். அது சாகவில்லை.

கார்த்திகை மழையில் திருவிடந்தைத் தோப்பில் பிரிசில்லாவுக்கு இன்னும் சில வண்டுகள் கிடைத்தன. அத்தனையும் காக்கோபியஸ். தை முடிவதற்குள் தாவீதோடு சேர்ந்து அவள் எழுதிய கட்டுரை வெளிவந்தது. துறையில் மைசூர்பாகு கொடுத்தார்கள். விஜயகுமாரி கட்டுரையைக் கடைசி வரிவரை படித்துவிட்டு அவள் மேஜைக்குப் போனாள்.

"நல்லா எழுதியிருக்க."

"நெஜமாவா மேடம்?"

"நெஜமா. படிக்கப் படிக்க வயிறு எரியுது."

பிரிசில்லா நிமிர்ந்து பார்த்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது.

"எனக்கும்தான் எரியும். உங்களப் பார்த்தா."

"என்னைப் பார்த்தா? என்கிட்ட இன்னா கீது?"

"வூட்ல மாடு கீது. விடிஞ்சா வேணுங்கிற சாணிய அள்ளிப் பையில போட்டுகினு வந்துடுறீங்க. நான் ஒரு சட்டி சாணிக்கு எத்தினி வாசல்ல நின்னிருக்கேன் தெரியுமா? யாரு வூட்டுப் பொண்ணுன்னு விசாரிச்சிட்டு, தொழுவத்துக்குள்ள வராத, அங்கயே நில்லும்பாங்க. நின்னிருக்கேன். உங்க பையப் பார்க்குறப்பல்லாம் அவ்ளோ எரியும்."

நாளையிலிருந்து நானே கொண்டுவருகிறேன் என்று சொல்லலாம். தானம் கொடுக்கிற மாதிரி ஆகிவிடுமோ என்று விஜயகுமாரி தயங்கினாள். நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"எந்த வூர்ல?" என்று கேட்டாள்.

பிரிசில்லா பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள்.